சுக்கு, மிளகு, திப்பிலி: மூன்று பூனைகளுக்கு உரிமம் எடுத்த கதை

ஏர்கான் பழுதுபார்ப்பவர் வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் முதலில் நடக்கும் காரியம், மூன்று பூனைகளையும் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்துவதுதான். அவை மலம் கழிக்கும் மண்தட்டைக் குளியலறைக்குள் தள்ளி, சோபாவின் மேலிருக்கும் முடியை ஒட்டுநாடாவால் எடுத்து, அதன் பிறகே வாசற்கதவைத் திறப்போம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் தடை இருந்தது என்பதும், மீறினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தே வளர்த்தோம், எங்கள் புளோக்கில் அப்படி வளர்த்த வீடுகள் வேறு சிலவும் இருந்தன.

2024 செப்டம்பர் 1 அன்று அந்தத் தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம், ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் உண்டு என்று செய்தி வந்தபோது, அப்பா முதலில் கேட்டது "நம்மிடம் மூன்று இருக்கிறதே, எதை விடுவது?" என்பதுதான். எதையும் விட வேண்டியதில்லை. முன்பிருந்தே வளர்த்து வரும் பூனைகள் வரம்பை மீறினாலும், இந்த அவகாசத்திற்குள் உரிமம் எடுத்துவிட்டால் அவற்றை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்கத்தான் இடமில்லை. இதை அப்பாவுக்கு நான் மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது.

விண்ணப்பத்திற்கு முன் செய்ய வேண்டியவற்றில், முதன்முறை விண்ணப்பிப்போருக்கான இணைய வகுப்பு இலவசமானது, எளிதானதும்கூட. அதில் எனக்குப் புதிதாக இருந்தது உரிமையாளரின் கடமை பற்றிய பகுதி. பூனையைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு வருவதை நம்மில் பலர் ஒரு தவறாக மட்டுமே நினைக்கிறோம். விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி அது குற்றம். முதன்முறை குற்றம் புரிவோருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கொடுமைப்படுத்தினால் அது 15,000 வெள்ளியும் பதினெட்டு மாதமும் வரை போகும். பழைய தடை இருந்த காலத்தில் யாராவது புகார் கொடுத்தால், பயந்துபோய்ப் பூனையைக் கீழே விட்டுவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஒரு விதிக்கு அஞ்சி அதைவிடப் பெரிய விதியை மீறியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

சன்னல்களுக்கு வலை கட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. எங்கள் சன்னல் கம்பிகளுக்கிடையே சுக்கின் தலை நுழையும். தலை நுழைந்தால் உடலும் நுழையும். வன்பொருள் கடையில் பிளாஸ்டிக் வலையை மீட்டர் கணக்கில் வாங்கி, ஒரு கைப்பிடி கேபிள் டையால் கம்பியோடு இறுக்கினோம். இரும்புக் கதவின் அடிப்பாதிக்கும் அதே வலைதான். ஒன்பதாவது மாடியில் இருந்துகொண்டு இத்தனை ஆண்டுகள் இதைச் செய்யாமல் இருந்ததை எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சிக்கல் திப்பிலியால் வந்தது. அவளைக் கார்நிறுத்தத்திலிருந்து எடுத்து வளர்த்தோம். இடது காது நுனி வெட்டப்பட்டிருந்ததால், சமூகப் பூனையாக, அதாவது அக்கம்பக்கத்தார் பராமரிக்கும் தெருப்பூனையாக, இருந்தபோதே கருத்தடை ஆகியிருக்கிறது என்று தெரியும்; ஆனால் காட்டுவதற்குத் தாள் ஒன்றுமில்லை. கருத்தடை கட்டாயமன்று என்றாலும், இந்த அவகாசக் காலத்தில் கருத்தடை செய்த பூனைக்குத்தான் இரண்டாண்டு உரிமம் இலவசம் என்பதால், மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதித்துக் கடிதம் வாங்கினேன். அங்கேயே சிப்பும் வைத்தார்கள். அரிசி மணி அளவே உள்ள அந்தச் சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் செலுத்தியபோது அவள் ஒருமுறை உறுமியதோடு சரி. சிப்பைப் படிக்கும் வருடிக் கருவியைக் (ஸ்கேனர்) கழுத்துக்கு மேலே நகர்த்தியதும் "பீப்" என்ற ஒலியோடு பதினைந்து இலக்கங்கள் திரையில் தோன்றின. சான்றிதழைப் பார்த்து எண்ணைத் தட்டச்சு செய்தேன், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு மூலம் விண்ணப்பித்தேன், உரிமமும் வந்தது.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, திப்பிலியின் பல் வலிக்காக வேறொரு மருத்துவகத்திற்குப் போனபோது, அங்கிருந்த செவிலியர் எதேச்சையாக வருடிப் பார்த்துவிட்டு, "உரிமத்தில் இருக்கும் எண் இதுவல்லவே" என்றார். ஒப்பிட்டுப் பார்த்தோம். பதினோராவது, பன்னிரண்டாவது இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. என்மேல்தான் முதலில் சந்தேகம். ஆனால் முதல் மருத்துவகம் கொடுத்த சான்றிதழிலேயே அப்படித்தான் இருந்தது. அவர்கள் முதலில் கருவியைக் குறை கூறினார்கள். நான் திப்பிலியை மறுபடியும் கூண்டில் தூக்கிக்கொண்டு போய், மேசையில் வைத்து, மூன்று முறை வருடச் சொல்லி, மூன்று முறையும் அதே எண் வந்த பிறகுதான் திருத்திய சான்றிதழ் கிடைத்தது. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்கு அதை இணைத்து எழுதினேன், பதிவு திருத்தப்பட்டது. அவள் காணாமற்போயிருந்தால், யாரோ கண்டெடுத்து வருடியிருந்தால், அந்த எண் எங்களிடம் வந்து சேர்ந்திருக்காது. ஆகவே சான்றிதழை நம்பாதீர்கள். மருத்துவர் வருடும்போதே திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள்.

உறவினர்கள் இப்போது என்னிடம் கேட்பதெல்லாம் பக்கத்து வீட்டாரைப் பற்றித்தான்: உரிமம் இருந்தால் யாரும் புகார் சொல்ல முடியாதல்லவா? முடியும். நாற்றமோ ஓயாத சத்தமோ இருந்தால் உரிமம் கேடயமாகாது. பேசித் தீராத விவகாரம் சமூக மத்தியஸ்த நிலையத்திற்குப் போகலாம், அதற்கு மேல் அக்கம்பக்கப் பூசல்களை விசாரிக்கவென்றே உள்ள நடுவர் மன்றம் வரைக்கும்கூடப் போகலாம். எங்கள் எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். "மிளகு இருப்பது எனக்கு எப்போதோ தெரியும், காலை ஐந்தரைக்கு அவன் கத்தித்தான் நான் எழுந்திருக்கிறேன்" என்றார்.

அப்பா தம் பழைய நாட்குறிப்பில், எங்கள் அடையாள அட்டை எண்களுக்குக் கீழே, மூன்று பதினைந்திலக்க எண்களையும் எழுதி வைத்திருக்கிறார். திப்பிலியின் எண் மட்டும் அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.