செரோக் தொக்குன் பாறையின் முன் ஒரு காலை

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குக் கடந்து, கொமுட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாமை அடைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. தேய்ந்த கல்வெட்டைப் பார்க்க அதுவே ஏற்ற வேளை. ஒளி சாய்ந்து விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், உச்சிப்பொழுதில் பாறை வெறும் பாறையாகிவிடும்.

புனித அன்னாள் ஆலய வளாகத்திலுள்ள செரோக் தொக்குன் கருங்கல் பாறையின் எழுத்துகளை 1845-இல் கண்டறிந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ. மொழி சமஸ்கிருதம்; எழுத்தோ பல்லவர் கால எழுத்தோடு நெருங்கிய தென்னிந்திய வரிவடிவம். நம்மவர் சிலர் இதை இராசேந்திர சோழனின் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்போடு சேர்த்துப் பேசுவதுண்டு. அப்படையெடுப்பு 1025-ஐ ஒட்டியது; இந்த எழுத்தமைதியோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பெருமைக்காகக் காலத்தை வளைப்பது கல்லுக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன்.

கல்வெட்டை விவரிப்பவர் கல்லின் வகை, அளவு, இருக்குமிடம், சிதைவு ஆகியவற்றை முதலில் எழுதி, பிறகு வரிவரியாக வாசகத்தைத் தந்து, ஐயமுள்ள எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட்டு, அழிந்ததைப் புள்ளிகளால் காட்ட வேண்டும். இருக்குமிடம் ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு லோ 1834-இல் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடபகுதியில் கண்டெடுத்த மற்றொரு கல்லே சான்று. பௌத்தத் தூபி வடிவம் செதுக்கிய அக்கல், ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மாநாவிகன் (பெருங்கடலோடி) புத்தகுப்தனின் பயணம் இனிதே நிறைவேற வேண்டுகிறது. ரக்தமிருத்திகை என்றால் செம்மண். அது வங்காளத்து ஊர் என்பது பலர் கொள்கை. மாநாவிகன் என்ற சொல்லைப் படித்ததும் கண்ணகியின் தந்தை மாநாய்கன் நினைவுக்கு வந்து என்னைச் சிலிர்க்க வைத்தான். ஆனால் அக்கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த மண்ணும் ஓட்டுத்துண்டுகளும் செங்கலும் என்ன சொல்லியிருக்கும் என்பதை அங்கே நின்று கேட்க முடியாது. செரோக் தொக்குன் பாறையோ பெயர்க்கப்படாமல், தன் குன்றடியிலேயே இருக்கிறது.

நேர்த்திக்கடனுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் என் குறிப்பேட்டை எட்டிப்பார்த்து, “தமிழா தம்பி எழுதியிருக்கு?” என்றார்.

“எழுத்து நம்ம தெற்கத்தி எழுத்துங்க ஐயா, மொழி சமஸ்கிருதம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஒரு எழுத்தையாவது காட்டுங்க” என்றார். கல்லில் கை படாமல், நிழல் தங்கியிருந்த ஒரு வளைவைச் சுட்டினேன். வெயில் ஏறி அது மறையும் வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.