தார்த்துவில் மழையாம், குஸ்கோவிலும் மழையாம்

எஸ்தோனியாவின் தார்த்துவுக்கும் பெருவின் குஸ்கோவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தார்த்து ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். சைக்கிளும் மாணவர்களும் எமயோகி ஆறுமாக அமைதியாக இருக்கும். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய இன்கா தலைநகரம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். வேலை நிமித்தம் ஒன்றில் தங்கினேன், ஆசைப்பட்டு மற்றதற்குப் போனேன். இரண்டு இடத்திலும் உள்ளூர் மொழியைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்: தார்த்துவில் எஸ்தோனிய மொழி, குஸ்கோவில் இன்காக்கள் பேசிய கெச்சுவா.

நம்மூர்க் காதுக்கும் மூளைக்கும் இரண்டுமே அவ்வளவு அந்நியமாக இல்லை. ஆங்கிலம் மாதிரி சொல்லுக்கு முன்னால் எதையாவது வைக்கிற பழக்கம் குறைவு, எல்லாம் வாலில்தான் ஒட்டும். எஸ்தோனிய மொழியில் ‘மயா’ என்றால் வீடு. மயாஸ் வீட்டில், மயாஸ்ட் வீட்டிலிருந்து, மயாட்டா வீடில்லாமல். இப்படிப் பதினான்கு வேற்றுமைகள். கெச்சுவாவில் வீடு ‘வசி’. வசிபி வீட்டில், வசிமந்தா வீட்டிலிருந்து, வசிய்கிபி உன் வீட்டில். (வசி, வசிப்பிடம் என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். நம் ‘வசி’ வடமொழி வேரிலிருந்து வந்தது. இது வெறும் தற்செயல்.) ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. அவனும் அவளும் எஸ்தோனியர்களுக்கு ‘தா’, கெச்சுவாக்காரர்களுக்கு ‘பாய்’.

கற்பதற்கு எது சுலபம் என்றால் சந்தேகமே இல்லாமல் கெச்சுவா. ஒரு சொல்லில் படித்த உருபை அடுத்த சொல்லில் அப்படியே ஒட்டலாம், பெயர்ச்சொல் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். எஸ்தோனிய மொழியில் உருபு ஒட்டும்போது சொல்லே உருமாறிவிடும். அறை ‘துபா’, அறையில் ‘தோஅஸ்’. நடுவில் இருந்த ‘ப’ எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். வெள்ளைக்கார மாணவர்கள் இதற்காகத் தலையில் கை வைத்துக்கொள்வதைப் பார்த்தேன். நமக்கு அவ்வளவு பதற வேண்டியதில்லை. வீடு வீட்டில் ஆவதும், மரம் மரத்தில் ஆவதும், ஆறு ஆற்றில் ஆவதும் நாம் யோசிக்காமலே செய்கிற காரியம்தானே.

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை மழையில் கிடைத்தது. தார்த்துவில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா ஜன்னலைச் சாத்தியபடி “ஹொம்மே சதவத் விஹ்மா” என்றார். நாளைக்கு மழையாம். ‘வத்’ என்று முடித்தால் யாரோ சொன்னார்கள், நான் பொறுப்பில்லை என்று பொருள். நம்முடைய ‘ஆம்’ அப்படியே. குஸ்கோ ஆசிரியை இதைவிட ஒரு படி மேலே போனார். பரன்மி என்றால் மழை பெய்கிறது, எனக்கே தெரியும். பரன்சி என்றால் பெய்கிறதாம். பரன்சா என்றால் பெய்துகொண்டிருக்கும் என்று ஓர் ஊகம். வம்பு பேச இதைவிட வசதியான இலக்கணம் வேறு வேண்டுமா?

அப்புறம் ‘நாம்’, ‘நாங்கள்’. ஐரோப்பாவில் இந்த வித்தியாசத்தை விளக்கி அலுத்துப் போயிருந்தேன். எஸ்தோனியர்களுக்கும் ‘மெயே’ என்ற ஒன்றுதான். கெச்சுவாவில் கேட்பவரையும் சேர்த்தால் ஞுகன்சிக், விட்டுவிட்டால் ஞுகய்கு. ஆசிரியை மெனக்கெட்டுப் படம் வரைந்து விளக்க ஆரம்பித்தார். எனக்கு அது தேவைப்படவில்லை.

இந்த ஒற்றுமைகளை வைத்து உறவு கொண்டாட முடியாது. எஸ்தோனிய மொழி யூராலியக் குடும்பம், பின்லாந்தின் பின்னிய மொழிக்குத் தங்கச்சி. கெச்சுவா தனிக் குடும்பம், பெருவுக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னிய மொழியின் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். அதை இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்பதில்லை.

ஒலி என்று வந்தால் கெச்சுவா பழிவாங்கிவிடும். குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் ஒரொபேசா ஊர் ரொட்டி தட்டுத் தட்டாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் அடுக்கியிருக்கும். ரொட்டிக்குப் பெயர் தந்தா. ஆனால் முதல் ‘த’வை மூச்சைப் பிடித்து வெடித்துச் சொன்னால்தான் ரொட்டி. காற்று விட்டுச் சொன்னால் கிழிந்த கந்தல். சாதாரணமாகச் சொன்னால் ஒன்றுகூடல். கடைக்கார அம்மா மூன்றையும் எனக்காக வரிசையாகச் சொல்லிக் காட்டினார். “மமாய், யாபா?” என்றதும் ஒரு சின்ன ரொட்டியைச் சேர்த்துப் போட்டார். யாபா என்பது கொசுறு. ஸ்பானியம் பேசுகிறவர்களும் அந்த ஊர்ப் பக்கம் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

சந்தையைத் தாண்டினால் நிலைமை வேறு. எஸ்தோனிய மொழி பேசுவோர் சுமார் 11 லட்சம் பேர்தான். ஆனாலும் மருந்து டப்பாவுக்குள் இருக்கும் காகிதம் முதல் முனைவர் பட்ட ஆய்வு வரை எல்லாம் அதில் உண்டு. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றும்கூட. அதுவும் சும்மா வரவில்லை. 1632இல் தொடங்கிய தார்த்துப் பல்கலைக்கழகம், நாடு விடுதலை அறிவித்த பிறகு 1919இல்தான் எஸ்தோனிய மொழிக்கு மாறியது.

பெருவின் 2017 கணக்கெடுப்பில் மட்டும் 37 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கெச்சுவாவைத் தாய்மொழி என்றார்கள். பொலிவியாவும் ஈக்வடாரும் தனிக் கணக்கு. 1780இல் இன்கா வழிவந்தவரான இரண்டாம் துபாக் அமாரு, பெருவை ஆண்ட ஸ்பானியர்களுக்கு எதிராகச் செய்த கிளர்ச்சியை ஒடுக்கியபோது ஸ்பானிய அரசு மொழியையும் சேர்த்தே நசுக்கப் பார்த்தது. 1975இல் பெருவில் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. ஆனால் லிமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் கெச்சுவாவிலேயே எழுதிய முதல் முனைவர் ஆய்வேடு ஏற்கப்பட்டது 2019இல். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு 1551. இதற்கு நடுவில் கெச்சுவாவை எழுத மூன்று உயிரெழுத்து போதுமா, ஐந்து வேண்டுமா என்ற சண்டை வேறு ஓய்ந்தபாடில்லை.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். குஸ்கோவில் கெச்சுவா சொல்லித்தரும் பள்ளிகள் உண்டு. மழை இல்லாத மே முதல் செப்டம்பர் வரை போகலாம். போவதற்கு முன் ஸ்பானியம் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த வகுப்புகளில் கெச்சுவாவை அதன் வழியாகத்தான் நடத்தினார்கள்.