பயர் ரிஸ்க் அசெஸ்மென்ட்: லோகோவைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் நம்பரைப் பாருங்கள்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனால் பழைய மனேஜிங் ஏஜென்ட் விட்டுப்போன தீ அபாய மதிப்பீட்டு அறிக்கையில், லிஃப்ட் மோட்டார் அறை ‘திருப்திகரமான நிலையில் உள்ளது’ என்று இருந்தது. வேறு ஏதோ கட்டடத்துக்கு எழுதியதை முகவரி மட்டும் மாற்றித் தந்திருக்கிறார்கள். இதற்கு நாங்கள் வருடாவருடம் சர்வீஸ் சார்ஜில் காசு கட்டியிருக்கிறோம்.

லண்டனில் ஹரோ பக்கம், கீழே கடை, மேலே மூன்று மாடி, தொண்ணூறுகளில் பிளாட்டாகவே கட்டிய கட்டடம். ‘ரைட் டு மேனேஜ்’ (வீட்டுக்காரர்களே கம்பனி அமைத்து நிர்வாகத்தைக் கையில் எடுக்கும் சட்ட உரிமை) எடுத்து அந்த ஏஜென்டை அனுப்பிவிட்டு நாங்களே நிர்வகிக்கத் தொடங்கினோம். டைரக்டராக யாரும் முன்வராததால் என் பெயரும் போனது. அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணையைப் படித்தேன். பொதுப் பகுதிகளுக்குப் ‘பொறுப்பான நபர்’ எங்கள் கம்பனி. தவறு பெரிதானால் எல்லையில்லாத அபராதம், இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் மாடியில் ஒருவர் வீட்டை விற்கப் போட, வாங்குபவரின் சொலிசிட்டர் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டார். லிஃப்ட் உள்ள அறிக்கையை எப்படிக் கொடுப்பது?

சரி, புதிதாகச் செய்விப்போம் என்று இறங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த நாட்டில் காஸ் பாய்லரைத் தொட காஸ் சேஃப் பதிவு வேண்டும். ஆனால் கட்டடத்தின் தீ அபாயத்தை மதிப்பிட, நான் இதை எழுதும்வரை, கட்டாய உரிமம் என்று ஒன்று இல்லை. யாரும் போர்டு மாட்டலாம். லண்டனில் 2017இல் தீப்பிடித்து 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியை மதிப்பிட்டவர் தன் அனுபவத்தையும் தகுதிகளையும் தவறாகக் காட்டியிருந்தார், சில தகுதிகள் அவரே உண்டாக்கியவை என்று 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. அசெஸர்களுக்குக் கட்டாய அங்கீகாரம் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது, சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஆளை உரசிப் பார்க்கிற வேலை நம் தலையில்தான்.

முதலில் வந்தவர்கள் விலை மிகக் குறைவு. மற்றவர்கள் கேட்டதில் பாதிகூட இல்லை. வெப்சைட்டில் பேஃப் (BAFE, சான்று பெற்ற தீப்பாதுகாப்புக் கம்பனிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் அமைப்பு) லோகோ பெரிதாக இருந்தது. ‘சும்மா ஒருக்கா பார்த்துவிட்டு எஸ்டிமேட் தருகிறோம்’ என்று ஒருவர் வந்தார். படிக்கட்டில் நின்றபடியே, ஒவ்வொரு மாடிக்கும் அலாம், கீழே கன்ட்ரோல் பெனல், மாடிக்கு இரண்டு தீயணைப்பான் வேண்டும் என்று கணக்குப் போட்டார். மதிப்பீடே இன்னும் நடக்கவில்லை! பொதுவழியில் தீயணைப்பான் எதற்கு, பாவிக்கப் பழகாதவர் எடுத்துக்கொண்டு தீக்குள் போய்விட மாட்டாரா என்று கேட்டேன். ‘இப்போது அதுதான் சட்டம்’ என்றார். அப்படி ஒரு சட்டம் இல்லை. பிளாட்டாகவே கட்டிய, வீடுகளுக்கிடையே தீத்தடுப்பு ஒழுங்காக உள்ள கட்டடத்தில், தீப்பிடித்த வீட்டார் வெளியேற மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருப்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அங்கே பொதுவான அலாம் அடித்தால் எல்லோரும் ஒரே படிக்கட்டில் இறங்குவார்கள், பயர் பிரிகேட் அதே படிக்கட்டில் ஏறும். பழைய வீட்டை உடைத்துப் பிளாட்டாக்கிய கட்டடங்களின் கதை வேறு; அங்கே அலாம் தேவைப்படலாம். எதுவானாலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சந்தேகம் வந்து சான்றிதழைக் கேட்டு வாங்கினேன். போலி இல்லை, உண்மையான பேஃப் சான்றிதழ். ஆனால் அதில் இருந்த திட்ட எண் எஸ்பி101. அது தீயணைப்பான் பராமரிப்புக்கு உரியது. அலாமுக்கு எஸ்பி203-1. தீ அபாய மதிப்பீட்டுக்கு எஸ்பி205. லோகோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர் விமானம் ஓட்டுகிறேன் என்று வந்தது போல. அந்தக் கம்பனிக்குப் போன் செய்து கேட்டபோது, எடுத்த பெண், ‘நாங்கள் பேஃப் ரெஜிஸ்டர்ட் சேர்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ்பி205 இருக்கிறதா, இல்லையா? ‘மனேஜர் கூப்பிடுவார்.’ மனேஜர் கூப்பிடவே இல்லை. அலாம் எஸ்டிமேட் மட்டும் ஈமெயிலில் வந்தது, அதுவும் டிஸ்கவுண்டோடு.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அவர்கள் அனுப்பும் பீடிஎஃபை நம்பாமல் பேஃப் வெப்சைட்டில் கம்பனி பெயரைத் தேடுங்கள். எந்தெந்தத் திட்டத்தில் பதிவு என்று அங்கே வரும். சான்று கொடுத்தது என்எஸ்ஐ, எஸ்எஸ்ஏஐபி போன்ற, யூகாஸ் (சான்று தரும் அமைப்புகளையே சோதிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள அமைப்பா என்றும் பாருங்கள். தனி ஆளாக வேலை செய்பவர் என்றால் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் பயர் இன்ஜினியர்ஸ், இன்ஸ்டிடியூட் ஆஃப் பயர் சேஃப்டி மனேஜர்ஸ் ஆகியவை வைத்திருக்கும் அசெஸர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடலாம். உறுப்பினராக இருப்பது வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு. பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அடுத்த கம்பனிக்கு எஸ்பி205 உண்மையாகவே இருந்தது. பெரிய இடம். வரப்போகிறவர் யார், எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்று எழுதிக் கேட்டேன். ‘எங்கள் அசெஸர்கள் அனைவரும் முழுத் தகுதி பெற்றவர்கள்’ என்று ஒரே வரியில் பதில். பெயர் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் மதிப்பீட்டை முழுமையாக எழுத்தில் வைக்க வேண்டும், அதைச் செய்தவர் யார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. கடைசியில் எழுதத்தானே போகிறீர்கள், இப்போதே சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை, தேதி மட்டும் வந்தது. வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, மீட்டர் அறைச் சாவி, கூரைக்குள் ஏறும் கதவின் சாவி எல்லாம் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டால், ‘எங்கள் சப்-கொன்ட்ராக்டர் இன்று பர்மிங்காமில் நிற்கிறார்’ என்கிறார்கள். சப்-கொன்ட்ராக்டர் என்ற சொல்லே அப்போதுதான் முதல்முறை வெளியே வந்தது. கான்சல் செய்துவிட்டேன்.

கடைசியாகக் கிடைத்தது ஒரு சின்னக் கம்பனி. எஸ்பி205 உண்டு, அலாமும் விற்பதில்லை, கதவும் விற்பதில்லை. கேட்ட உடனே அசெஸரின் பெயர், பதிவு எண், இன்சூரன்ஸ், எங்களைப் போன்ற கட்டடம் ஒன்றுக்கு எழுதிய அறிக்கை (பெயர்களை மறைத்து) எல்லாம் அனுப்பினார்கள். அந்த மாதிரி அறிக்கையை வாசியுங்கள், அதுதான் சரியான பரீட்சை. எங்கே என்ன குறை, ஏன் அது ஆபத்து, யார் எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று அந்தக் கட்டடத்தைப் பற்றியே பேசியது. அந்தக் கம்பனிதான் என்னிடமும் கேள்வி கேட்டது: வெளிச்சுவரில் பலகை, கிளாடிங் (சுவருக்கு மேல் பொருத்தும் வெளிப்பூச்சுத் தகடு) ஏதும் உண்டா? எங்களுடையது முழுக்கச் செங்கல். கிளாடிங் இருந்தால் பாஸ் 9980 (வெளிச்சுவரின் தீ அபாயத்தை மதிப்பிடும் வழிமுறை) முறைப்படி தனி மதிப்பீடு தேவைப்படலாம், அது தங்கள் வேலை இல்லை, அதற்குத் தகுதியான ஆள் வேறு என்று முன்கூட்டியே சொன்னார்கள். தன்னால் முடியாததைச் சொல்கிற ஆள் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இன்னொன்று, டைப் 1 முதல் டைப் 4 வரை விலை சொல்வார்கள். பொதுப் பகுதிகளை உடைக்காமல் பார்ப்பது டைப் 1. வீடுகளுக்குள்ளும் போய், சுவரைத் திறந்து பார்ப்பது டைப் 4. பெரும்பாலான கட்டடங்களுக்கு முதலில் டைப் 1 போதும். அதில் சந்தேகம் கிளம்பினால் மேலே போகலாம். எடுத்த எடுப்பில் டைப் 4 விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

வந்தவர் முன்பு தீயணைப்புப் படையில் இருந்தவர், வயதானவர். வணக்கம் சொல்லிவிட்டு நேரே மீட்டர் அறைக்குப் போனார். டோர்ச்சை மேலே அடித்து, ‘இங்கே பாருங்கள்’ என்றார். பிராட்பேண்ட் கேபிள் இழுத்தவர்கள் தளத்தில் துளையிட்டு, கேபிளைச் சுற்றி இடைவெளியை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு துளைக்குள் என் இரண்டு விரல் போனது. கீழே தீ வந்தால் புகை அந்த வழியாக மாடிக்கு மாடி ஏறும். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசல் கதவையும் கொஞ்சமாகத் திறந்து கையை எடுத்துப் பார்த்தார், தானாக மூடிப் பூட்டுக்குள் விழுகிறதா என்று. இரண்டு கதவு பாதியில் நின்றது. ஒன்றில் சட்டத்தோரம் இருக்கும் பிரஷ் போன்ற புகைத்தடுப்பு முடிப்பட்டையின் மேல் தடிப்பாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது இனிப் புகையைத் தடுக்காதாம். பழைய அறிக்கையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

முதல் மாடியில்தான் சிக்கல் வந்தது. அங்கே இருக்கும் அம்மாவின் வாசலில் மர றாக்கை நிறையச் செருப்பு. ‘தம்பி, தெருவில் போட்ட செருப்பை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோறது? சாமிப்படம் வச்சிருக்கிற வீடு’ என்றார். அசெஸருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, படிக்கட்டுதான் வெளியேற உள்ள ஒரே வழி, எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்றார். அம்மா என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. இப்போது கதவுக்கு உட்புறம் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறார்.

அறிக்கை வந்தது, அதோடு அந்த ஒரு வேலைக்கென்றே எஸ்பி205 சான்றிதழும் வந்தது. இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், கம்பனியின் பொதுச் சான்றிதழ் போதாது. சொலிசிட்டர் அதைப் பார்த்ததும் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வீடு விற்றாயிற்று. இன்சூரன்ஸ் புரோக்கருக்கும் அதையே அனுப்பினேன்.

மீட்டர் அறைத் துளைகளை அடைக்க இப்போது ஆள் தேடுகிறேன். அதற்கும் தீத்தடுப்பு வேலைக்கான மூன்றாம் தரப்புச் சான்று உள்ளவர் வேண்டும். முதலில் வந்தவர் பில்டர் கடையில் வாங்கிய இளஞ்சிவப்பு ஃபோம் டின்னைக் காட்டி, ‘இதை அடித்தால் போதும் அண்ணை’ என்றார். அந்த ஃபோமை எந்தச் சுவரில், எந்த அளவு இடைவெளியில் சோதித்தார்கள் என்று எழுதிய தாளைக் கேட்டேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று போயிருக்கிறார்.