25 லெய்

ஜூன் 2
அப்பாவின் டெஸ்ட் ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

ஜூன் 3
இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடப்போய், அப்பா சேர்த்த வெளிநாட்டு நோட்டுகள் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தன. ருமேனியாவின் 25 லெய், 1966, கரும்பச்சை. மீசைக்காரர் ஒருவர். அப்பாவிடம் காட்டினேன். "துடோர் விளாடிமிரெஸ்கு. நம்மாளு" என்றார். இன்றைக்கு முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 4
தூக்கம் இல்லை. வார்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் அந்த ஆளைப் பற்றியே படித்தேன். 1821, வாலாக்கியா, இன்றைய ருமேனியாவின் தென்பகுதி. துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டும் நாடு. ஆள்வதோ இஸ்தான்புல்லிலிருந்து வந்திறங்கும் ஃபனாரியோட் கிரேக்கக் குடும்பங்கள். பதவியைக் காசு கொடுத்து வாங்கியவன் போட்டதை எடுக்காமல் விடுவானா? ஒத்து ஊத உள்ளூர் பொயார் பிரபுக்கள். இவரே ஒரு பொயாரின் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர்தான்! அப்புறம் ரஷ்யர்களோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்துச் சண்டை போட்டவர். படேஷ் என்ற ஊரில் கிளர்ச்சியைத் தொடங்கி விட்ட அறிக்கையில் ஒரு பாம்பு வருகிறது: எதிரே வந்தால் தடியெடுத்து அடிக்கிறோமே, நம்மை உயிரோடு விழுங்குகிறவர்களை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்?

நர்ஸ் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்.

ஜூன் 5
கேன்டீன் இட்லி கல். யாரும் வரவில்லை.

ஜூன் 6
அந்தத் தூக்குகள் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. புக்கரெஸ்ட் வரை கூட வந்த பண்டூர்களில், அதாவது அவருடைய படைவீரர்களில், சிலர் கொள்ளையில் இறங்க, துடோர் தன் ஆட்களென்றும் பார்க்காமல் தூக்கில் போட்டிருக்கிறார். தளபதிகளுக்கு மனசு விட்டுப்போயிற்று. மே மாதம் கோலெஷ்டி ஊரில், சுல்தானை எதிர்த்துக் கிளம்பியிருந்த கிரேக்கப் புரட்சிக்காரர்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா மில் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது சந்தாப் பணத்தில் கைவைத்த இரண்டு பேரை வெளியேற்றினார். ஒருவர் சொந்தச் சித்தப்பா மகன். அடுத்த தேர்தலில் விழுந்த ஓட்டை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுவாள். பதினொன்று.

பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு. தினமும் மூன்றரைக்கே சட்டையை மாற்றிவிடச் சொல்கிறார்.

ஜூன் 7
தர்கோவிஷ்டேயில் கொன்று உடலைக் கிணற்றில் போட்டார்களாம். மறுவருஷமே, 1822இல், ஃபனாரியோட் ஆட்சியைச் சுல்தானே முடித்து உள்ளூர்க்காரரை உட்காரவைத்தார். அவரும் பொயார்தான், அது வேறு கதை.

அப்பாவிடம் சொன்னேன். "தூர் வாரிப் பார்க்கலியா?" என்றார்.

ஜூன் 8
பழைய நாட்காட்டியின் மே 27க்குப் பன்னிரண்டு நாள் கூட்டினால், அவரைக் கொன்ற ராத்திரி இதுதான். ரிசல்ட் நாளைக்கு.

சட்டை மாற்றியாயிற்று. நீலக் கட்டம் போட்டது. வராந்தாவில் யாரோ வார்டு நம்பர் கேட்கிறார்