யானைமலைக்கு எதிரே

2025 ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. நான்கு மாதமாகத் தூரிகையைத் தொடவில்லை. டிசம்பரில் ஒரு குழுக் கண்காட்சிக்கு மூன்று ஓவியங்கள் அனுப்பியிருந்தேன். மூன்றும் திரும்பி வந்தன. பழுப்புத் தாளைச் சுற்றிச் சணல் கயிற்றில் நான் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பொதியைப் பரணில் தூக்கிப் போட்டேன். கூடவே வண்ணப் பெட்டியும் மேலே போனது.

இன்று விடியலில் பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். எதிரே, படுத்த யானைபோல யானைமலை. மதுரை ஒத்தக்கடையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது புதிதா என்ன? ஆனாலும் தும்பிக்கை இறங்குகிற இடத்தில் இளஞ்சிவப்பாக வெளிச்சம் ஏறுவதைப் பார்த்ததும் கை பரபரத்தது. பூவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பரணில் ஏறினேன். வெள்ளை டியூப் மட்டும் கல்லாக இறுகிப் போயிருந்தது. மற்றவற்றை வைத்து ஒரு தாள் வரைந்தேன். சுமார்தான். ஆனால் வரைந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

முகூர்த்தக் காலம். அச்சகத்தில் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது கண்ணுக்குள் எழுத்துகள்தான் மிதக்கின்றன. மாலையில் வரையலாம், ஞாயிற்றுக்கிழமை வரையலாம் என்று எத்தனை ஆண்டுகள் தள்ளிப் போட்டிருக்கிறேன்!

இனி காலை 5.45 முதல் 6.15 வரை. உள்ளங்கை அளவில் ஒரு தாள், ஒரே மலை. எதை வரைவது என்று யோசித்துக்கொண்டு உட்காரும்போதுதான் எனக்குப் பாதி ஆசை வடிந்துபோகிறது. அந்த யோசனைக்கே இனி இடமில்லை. படுக்கப் போகுமுன் தாளை அட்டையில் ஒட்டி, கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, மாடிப்படியில் வைத்துவிடுகிறேன். காலையில் அதைத் தாண்டித்தான் நான் நடக்க வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

எட்டாவது தாள். இன்றுதான் பாறையின் சாம்பல் நிறம் பிடிபட்டது. கறுப்பைத் தொடவே இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் போதும். நீலத்தைக் கூட்டினால் மழைக்கு முந்திய பாறை. பழுப்பைக் கூட்டினால் வெயில் குடித்த பாறை. ஈரத் தாளில் இரண்டையும் பக்கம் பக்கமாக விட்டு, கலக்காமல் காத்திருந்தேன். நீலத் துகள்கள் தாளின் குழிகளில் மணல்போல இறங்கிப் படிந்தன. கல்லைத் தொட்டால் வருகிற அதே சொரசொரப்பு. அச்சகத்தில் நாள் முழுக்க அதே நினைவாக இருந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

நேற்று வரையவில்லை. தூங்கிவிட்டேன். விட்டதற்கு ஈடாக இன்று இரண்டு வரையலாமா என்று தோன்றியது. வேண்டாம். கடன்போல ஏறினால் மறுபடியும் பரணுக்குத்தான் போகும். இன்றைக்கு ஒன்று.

ஏப்ரல் 27, ஞாயிறு

மலையடிவாரத்து நரசிங்கம் கோயிலுக்குப் போய்வந்தேன். கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த கோயில். குடமுழுக்குச் செய்யுமுன்பே அவர் இறந்துவிட்டார். அவருக்குப் பின் அமைச்சரான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை நிறைவு செய்தார் என்று வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. உளியின் தடம் இருக்கிற இடங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை காலைகள் அவை!

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. விடுமுறைதானே என்று எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்தேன், தப்பு. வானத்துக்கு நீலம் இழுத்தால் தூரிகை வலது ஓரத்தை எட்டுமுன் இடது ஓரம் காய்ந்து கோடு விழுகிறது. இரண்டு தாள் வீண். மூன்றாவதை முன்னும் பின்னும் நனைத்து, ஈரத் துணியின்மேல் விரித்தபிறகுதான் வண்ணம் ஓடியது.

மே 7, புதன்

அப்பா மாடிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடைக்குக் கடை போர்டு எழுதியவர். சிறுவயதில் நான் தினமும் பார்த்த ஒரு காட்சியைக் கேட்டேன்: வேலைக்குக் கிளம்புமுன் பழைய தகரம் ஒன்றைச் சுவரில் சாய்த்து, பட்டைப் பிரஷை வெறும் தண்ணீரில் தொட்டு ‘அ’ எழுதுவார். சுழி வளைந்து, கீழிறங்கி, கால் நிமிரும். அது காயுமுன் அடுத்த ‘அ’. முதல் எழுத்து மறையும்போது ஐந்தாவது எழுத்து பளபளக்கும்.

“எதற்கப்பா அப்படி எழுதினீர்கள்? யாரும் பார்க்கப்போவதில்லையே.”

“கை பார்க்குமே அம்மா” என்றார். பிறகு என் தாளைக் கையில் வாங்கி, “தும்பிக்கைக்கு அடியில் நிழல் கனத்துவிட்டது. நாளைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூட்டு” என்றார்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். நள்ளிரவு தாண்டியதுமே தெருவில் ஆள் நடமாட்டம். கிளம்புமுன், இரண்டரை மணிக்கு மாடிக்கு ஏறினேன். சித்ரா பௌர்ணமி நிலா. அந்த வெளிச்சத்தில் வண்ணத் தட்டின் எந்தக் குழியில் எந்த நிறம் என்று தெரியவில்லை. ஊதா நீலம் ஒன்றை மட்டும் அடையாளம் வைத்துத் தொட்டு, மலையை ஒரே பூச்சில் இழுத்தேன். பிறகு எல்லோருமாக வைகைக்குப் போனோம். திரும்பி வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. இதுவரை வரைந்ததில் இதுதான் யானை.

மே 14, புதன்

வேலை முடிந்து வந்ததும் பரணிலிருந்து அந்த ஓவியப் பொதியை இறக்கினேன். முடிச்சை நானே அவிழ்த்தேன். முதல் ஓவியத்தில் வானம் உயிரில்லாமல் கிடக்கிறது. கலந்து கலந்து சேறாக்கியிருக்கிறேன். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது நல்ல ஓவியம். அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டுவேன்.

முதலாவதின் பின்பக்கம் தும்பைப்பூவாக வெள்ளை, 300 ஜிஎஸ்எம் கனத்த தாள். அளவுகோல் வைத்து வெட்டினேன். பதினாறு தாள்கள் வந்தன. ஒன்றை அட்டையில் ஒட்டிவிட்டேன். கிண்ணத்தில் இனித்தான் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.