விசிட்டிங் டாக்டரா, முழுநேர டாக்டரா: கணக்கைப் போடும் முறை

நூறு படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளில் பொது மருத்துவ வார்டுக்கு மூன்று ஏற்பாடுகள் வழக்கம்: சம்பளத்துக்கு முழுநேர டாக்டர்கள், விசிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் கன்சல்டன்ட், எம்ஜி எனப்படும் மினிமம் கேரண்டி (மாதம் இவ்வளவு நிச்சயம், வேலை அதைத் தாண்டினால் கூடுதல் தொகை). எது கட்டுப்படியாகும் என்று கேட்டால் அக்கவுண்ட்ஸில் முதலில் நீட்டுவது சம்பளப் பட்டியலைத்தான். அதைத் தள்ளி வையுங்கள். ஒரு நோயாளிக்கு அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் ஆகி 30 நாள் வரை என்ன செலவாகிறது என்பதுதான் கணக்கு.

பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து ஓராண்டு டிஸ்சார்ஜ் பட்டியலை ஐபி (உள்நோயாளி) எண்ணோடு எடுத்தோம். முதல் கோளாறு இங்கேதான். இரவில் வந்த கேஸ்களில் அட்மிஷன் போட்ட டியூட்டி டாக்டர் பெயரே நிற்கும். வைத்தியம் பார்த்தவர் வேறொருவர். கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பெயரைத் திருத்தாவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

பிறகு நிமோனியா, டெங்கு என ஒரே நோய்க்காரர்களை மட்டும் ஒப்பிடுங்கள். நேரே ஐசியு போனவர்கள் தனி. தங்கிய நாள்களுக்குச் சராசரி போடாமல் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுங்கள். மாதக்கணக்கில் கிடந்த ஒரு பக்கவாத நோயாளி போதும், சராசரி கெட்டுவிடும்.

விசிட்டிங் முறையில் பணம் கசியும் இடம் டிஸ்சார்ஜ். காலையிலேயே நோயாளி தேறியிருப்பார். டாக்டர் தன் கிளினிக்கை முடித்து ரவுண்ட்ஸ் வருவது இரவு எட்டுக்கு. அதன் பிறகு சம்மரி டைப்பாகி, இன்சூரன்ஸ் அப்ரூவல் வர மறுநாளாகும். பேக்கேஜ் கேஸ் (மொத்த வைத்தியத்துக்கும் ஒரே தொகை) என்றால் அந்த ஒரு ராத்திரி மருத்துவமனை தலையில். ரொக்கம் கட்டுபவர் என்றால் அவர் தலையில். இரண்டுமே அநியாயம்.

முழுநேரம் என்றால் ஆள் கணக்கு முக்கியம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 48 என்றால் லீவு சேர்க்காமலே மூன்றரை பேர். இரண்டு பேரை வைத்து ஓட்டினால் இரவு மறுபடி டியூட்டி டாக்டரிடமே போகும். எம்ஜியில், உறுதித் தொகையைத் தாண்டும் மாதக் கடைசியில் அட்மிஷன் கூடுகிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நோயாளிகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், வார்டு வேலையை மட்டும் பார்க்கும் ஹாஸ்பிடலிஸ்டுகளிடம், வழக்கமான குடும்ப டாக்டரே பார்த்தவர்களைவிடத் தங்கல் 0.64 நாள் குறைந்தது, மருத்துவமனைக் கட்டணம் 282 டாலர் குறைந்தது. ஆனால் டிஸ்சார்ஜுக்கு அடுத்த 30 நாளில் மெடிகேர் செலவு 332 டாலர் கூடியது. நம் சாஃப்ட்வேரில் இந்தப் பாதி தெரியவே தெரியாது, திரும்பப் படுத்தவர் வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார். முப்பதாவது நாள் போன் போட்டு, “வேற எங்கயாவது அட்மிட் ஆனீங்களா?” என்று கேட்டு எழுத ஓர் ஆளை முதலிலேயே ஒதுக்குங்கள்.