வெளி ஷவரை மறந்த வருஷம்

ஆர்.வி. (சமையல், குளியல், படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி) வாங்கிய பிறகு வந்த முதல் குளிர்காலம். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உள்ளே இருந்த குழாய்களையெல்லாம் திருகிப் பார்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. வேலை முடிந்தது என்று பூட்டிவிட்டேன். குளிர் போனதும் பம்பைப் போட்டால் பக்கச் சுவருக்குள்ளிருந்து சளசளவென்று சத்தம்! வெளியே கால் கழுவ இருக்கும் ஷவரின் வால்வு பிளந்து கிடந்தது. அதற்குள் தங்கிய தண்ணீர் அரை டம்ளர்கூட இருக்காது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். தொட்டியின் அடியில் கிடக்கும் கொஞ்சத்துக்கு மேலே இடம் இருக்கிறது. வால்வுக்குள் அடைபட்டது எங்கே போகும்?

இப்போதெல்லாம் தண்ணீர் ஹீட்டரில்தான் ஆரம்பிப்பேன். அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடி மூடியைக் கழற்றுவேன். அடுத்து பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும்; குழாய்களில் நிரப்பும் ஆன்டிஃப்ரீஸ் (உறைந்து குழாய் வெடிக்காமல் காக்கும் திரவம்) ஹீட்டருக்குள் போகாமல் அது தடுக்கும். மறந்தால் 6 காலன் ஹீட்டர், அதாவது கிட்டத்தட்ட 23 லிட்டர், ஆன்டிஃப்ரீஸை அப்படியே குடித்துவிடும். மற்ற குழாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இரண்டு, மூன்று காலன் போதும்.

ஃபில்டரைக் கழற்றி, வண்டியின் அடியில் இருக்கும் வடிகுழாய்களையும் திறந்து முழுக்க வடித்துவிடுவேன். மிச்சத் தண்ணீர் ஆன்டிஃப்ரீஸை நீர்த்துப்போகச் செய்துவிடும். கேனில் மைனஸ் 50 ஃபாரன்ஹீட் என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காது என்பதற்கான கணக்கு; அதற்கு முன்பே அது கூழாகிவிடும். வாங்கும்போது ஆர்.வி.க்கென்றே விற்கும் ரோஸ் நிறத்தைத்தான் வாங்க வேண்டும். கார் எஞ்சினுக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம். குடிதண்ணீர்க் குழாயில் அதற்கு வேலையே இல்லை.

பம்ப் உறிஞ்சும் குழாயைக் கேனுக்குள் விட்டு, ஒவ்வொரு குழாயிலும் சூடு பக்கம், குளிர் பக்கம் இரண்டிலும் ரோஸ் வரும்வரை திறப்பேன். கழிப்பறையையும் ஒரு மிதி. சிங்க்கின் வளைகுழாயில் ஒரு கப். வெளி ஷவருக்கு இரண்டு தடவை போவேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கடைசியாக, வெளிக் குழாயை மாட்டும் வாய். வலையை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சின்ன வால்வை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் அங்கே தங்கியதும் வந்துவிடும். பீய்ச்சியடிக்கும், நேர் எதிரே நிற்காதீர்கள். எனக்குச் சட்டை முழுக்க ரோஸ்.